ஒன்று இருபது

சுரங்கத்தில் வெடி வைப்பது ஒன்றரைக்கு.
தாகே லாந்தோ கண் விழிப்பது
ஒன்று இருபதுக்கு.
அந்தப் பத்து நிமிடத்தை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.
சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும்
இரண்டு சின்னச் சுரப்பிகள்
தாமாகவே மணி பார்க்கக் கற்றுக்கொண்டன.

முதலில் நெஞ்சு படபடக்கும்.
பிறகு உள்ளங்கை வேர்க்கும்.
பிறகு தாடை இறுகும்
(கடவாய்ப் பல்லில் விரிசல் என்று
பல் மருத்துவர் எழுதியிருக்கிறார்).
இத்தனைக்கும் பிறகுதான்
கிரூனாவுக்கு ஆயிரம் மீட்டர் கீழே
இரும்புத்தாது பிளக்கும்.
அலமாரிக் கோப்பைகள்
ஒன்றையொன்று தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

"பழகிப்போச்சு" என்கிறார்.

நான் ஐலா. வீடு வீடாகப் போகும் செவிலி.
இருபத்திரண்டு வருடமாக இந்தச் சொல்லைக் கேட்கிறேன்.
பழகிப்போச்சு என்பவர்களின் கையில்தான்
பட்டையைச் சுற்றி மூன்று முறை அளப்பேன்.
முதல் அளவு எனக்குப் பயந்தது.
இரண்டாவது, முதல் அளவுக்குப் பயந்தது.
மூன்றாவதை எழுதினேன்:
நூற்று அறுபத்தெட்டு, தொண்ணூற்றெட்டு.

பழகவில்லை அவருக்கு.
உடம்பு கடன் வாங்கி ஒப்பேற்றுகிறது.
கல்லீரலிடம் கொஞ்சம் சர்க்கரை,
தூக்கத்திடம் தினம் இரண்டு மணி நேரம்.
வட்டி இடுப்பைச் சுற்றி ஏறுகிறது.

"கவலைப்படாதீங்க" என்று நான் சொல்வதில்லை.
பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு முறை சொன்னேன்.
அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.
காலுறையைக் கழற்றச் சொன்னேன்.
வெறும் பாதம் தரையில்.
மூச்சு உள்ளே நாலு எண்ணிக்கை,
வெளியே ஆறு.
அவர் ஐந்திலேயே நின்றார். மறுபடியும் ஐந்து.
"ஆறாவதை யாருக்கு எடுத்து வெச்சிருக்கீங்க?"
சிரித்துவிட்டார்.
தோள் ஒரு விரற்கடை இறங்கியது.
அதைக் குறிக்க என் படிவத்தில் கட்டம் இல்லை.

அக்டோபரில் அவர் குடியிருந்த கட்டடத்தை இடித்தார்கள்.
கீழே குடைந்துகொண்டே போனால்
மேலே இருக்கிற ஊர் நகர்ந்துதான் ஆக வேண்டும்.
கிழக்கே புதுக் குடியிருப்பு. மூன்றாம் மாடி.
புது வண்ணத்தின் வாசனை.

டிசம்பரில் தொலைபேசினார்,
பகல் பன்னிரண்டுக்கும் விளக்கெரியும் ஒரு நாளில்.
"ஐலா, இங்கே எதுவும் ஆடறதில்ல."
நல்லதுதானே.
"ஒன்று இருபதுக்கு முழிச்சுக்கறேன்.
மூணு மணி வரைக்கும் காத்திருக்கேன்.
வர வேண்டியது வர மாட்டேங்குது."

மருத்துவர் மாத்திரை எழுதினார்.
திங்கள்தோறும் எண்ணிப் பெட்டியில் போட்டேன்.
கூடவே எந்த வழிகாட்டிக் கையேட்டிலும் இல்லாத ஒன்றைச் சொன்னேன்:
ஒன்றரைக்கு எழுந்து போய்
அலமாரியை நீங்களே ஒரு தடவை குலுக்குங்கள்.
கோப்பைகள் சத்தம் போடட்டும்.
முடிந்தது என்று உடம்புக்கு
யாராவது சொல்ல வேண்டுமல்லவா.

ஐம்பத்து மூன்று வயது மனிதர்,
அரைக்கால் சட்டையில், இருட்டில்,
பீங்கான் கோப்பைகளை உலுக்கிவிட்டுப்
படுக்கப் போகிறார்.
கீழ்வீட்டுக்காரி புகார் கொடுத்தாள்.
அவளிடமும் பேசினேன்.
அவளுக்கும் நூற்று நாற்பத்தாறு.

பிப்ரவரியில் தாகே:
நூற்று ஐம்பத்திரண்டு, தொண்ணூறு.
நல்ல எண் இல்லை.
இறங்குகிற எண்.

வெளியே கழித்தல் இருபத்தாறு.
வண்டியின் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டுகிறேன்.
அடுத்த வீட்டுக்கு நாற்பது நிமிடம் தாமதம்.
என் பல் நெரிபடும் சத்தம்
தொப்பிக்குள் எனக்கே கேட்கிறது.
ஸ்டியரிங்கில் கை வைத்தபடி
மூச்சை வெளியே விட்டு எண்ணுகிறேன்.
மூன்று. நாலு. ஐந்து.

தொலைபேசி அடிக்கிறது.